திருப்பிக் கேட்காத பிள்ளை

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் செல்வரட்ணத்துக்குக் கோபம் மூக்குநுனிக்கு வந்துவிடும். "நீ வந்து பார்த்தனியோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது நடந்தது. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துக்குத் தெற்கே, 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு நடுச்சாமமும் புளியமரமும் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

செல்வரட்ணம் மன்னார்க்காரன். அங்கே ரேடியோ திருத்திக்கொண்டிருந்தவன். இங்கே வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஹேர்னிங்கில் அல்பேட் என்ற பெடியனோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தான். மனைவி விக்ரோரியாவும் மகள் ஸ்ரெபானியும் கொழும்பில், ஒரு லொட்ஜ் அறையில். அவர்களை இங்கே கூப்பிட அவனுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. விண்ணப்பமும் போட்டாயிற்று. வருஷம் ஒன்றுக்கு மேல் போயிற்று. மூச்சுப் பேச்சில்லை. கேட்கப் போனால், "காத்திருங்கள்" என்ற ஒரே பதில். விண்ணப்பங்களை மேலிடத்திலேயே தூங்கப் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்து நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அப்போது அது யாருக்குத் தெரியும்? தன் விண்ணப்பத்தில்தான் ஏதோ பிழை என்று ஒவ்வொருவனும் தனித்தனியே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கடைசியாகப் பார்த்தபோது ஸ்ரெபானி சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது நாலு வயது. தொலைபேசியில் மட்டும் தெரிந்த அவனை "ரெலிபோன் அப்பா" என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ரிசீவரை வைத்தபிறகு அழுவான்.

அந்த மாதத்தில்தான் மொழிப் பள்ளியில் இங்கர் ரீச்சர் எல்லோரையும் ஒருநாள் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனார். பூங்காவுக்கோ கடற்கரைக்கோ அல்ல. பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு.

"குளிருக்கை பள்ளம் பார்க்கவோ கூட்டிக்கொண்டு போகினம்? மன்னாரிலை இல்லாத மண்ணோ?" என்று அல்பேட் பஸ்ஸில் ஏறும்போதே தொடங்கிவிட்டான்.

ஆனால் போய் இறங்கியதும் அவனுக்கே வாய் அடைத்துப்போனது. பச்சைப் பசேல் என்ற டென்மார்க்கின் நடுவே ஒரு பாலைவனம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல் மேடுகள். புல் இல்லை, குருவி இல்லை. பள்ளங்களில் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர். அதில் மீன் உயிரோடிராது என்றார் இங்கர். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வெளியிலிருந்து நிலக்கரி வராமல் போனதால் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இங்கே தோண்டியிருக்கிறார்கள். பெண்சாதி பிள்ளைகளோடு பலகைக் குடிசைகளிலும் உடைந்த பஸ்களிலும் குடியிருந்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் தோண்டுவது நின்றது. சனம் போய்விட்டது. பள்ளத்துத் தண்ணீரை இறைத்த பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறிவிட்டது. குடிசைகளில் சில மட்டும் அப்படியே நின்றன.

"பாதையை விட்டு இறங்கவேண்டாம்," என்றார் இங்கர். "மணல் கெட்டியாகத்தான் தெரியும். கால் வைத்தால் சரிந்துவிடும். ஆட்களின் உயிரே போயிருக்கிறது."

மத்தியானம், பஸ்ஸடியில் எல்லோரும் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தார்கள். ஈரல் பூசிய கறுப்புப் பாண். அல்பேட் அதை மணந்து பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான். செல்வரட்ணத்துக்குப் பசிக்கவில்லை. ஒதுக்குப்புறமாக ஒன்றுக்கிருந்துவிட்டு வருகிறேன் என்று மேட்டைச் சுற்றிப் போனான். போகும்போது மூடுபனி இல்லை. அதை அவன் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான்.

மேட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை தனியே நின்றது. கூரை பாதி இறங்கியிருந்தது. புகைபோக்கி விழுந்து கிடந்தது. ஆனால் கரி எரிகிற மணம் வந்தது. வாசலருகே ஒரு கொடிக்கயிறு. அதில் ஒரு சோடி சின்னப் பிள்ளைக் காலுறை. ஈரமாக.

டொக்... டொக்... என்று அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

யாரோ இன்னும் இருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டான். ஏழை எங்கேயும் ஏழைதானே. குடிசைக்கு அப்பால், தண்ணீர்க் கரையோரம், இரண்டு பலகைகளைக் குறுக்கே அடித்து ஒரு சிலுவை நின்றது. பெயர் இல்லை, பூ இல்லை, சாய்ந்து போயிருந்தது.

அதைக் கண்டதும் அவனுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது.

நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். மன்னாரில் என்றால் சேமக்காலையில் கல்லறை முழுக்க மெழுகுதிரி எரியும். அவனுடைய தாய் போன வருஷம் செத்துப்போனாள். அவளுடைய குழிக்கு ஒரு திரி கொளுத்த அவனால் போக முடியவில்லை. வாங்கிய திரி கோட்டுப் பையிலேயே கிடந்தது. நினைப்பாரற்ற ஆத்துமாவுக்காக மன்றாடினால் கேட்டது உடனே கிடைக்கும் என்று தாய் சொல்லுவாள். புனிதர்களான அர்ச்சிஷ்டவர்களிடம் மன்றாட ஆயிரம் பேர். அந்த ஆத்துமாவுக்கு நீ ஒருவன்தானே.

அந்தோனியாரிடம் கேட்டாயிற்று. மாதாவிடம் கேட்டாயிற்று. செபஸ்தியாரிடமும் கேட்டாயிற்று. ஒருவரும் அசையவில்லை. ஆகவே செல்வரட்ணம் அந்த மணலில் முழங்காலில் நின்று, திரியைக் கொளுத்தி நட்டான்.

அவனுடைய ஊர்ப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் அதை அர்ச்சிஷ்டவருக்குக் கொடுத்து வாங்குவார்கள். பிள்ளையைச் சுரூபத்தின் காலடியில் கிடத்தி, "இனி இது உங்கடை பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் கொஞ்சத்தூரம் நடப்பார்கள். பிறகு வந்து, "எங்களுக்கு வளர்க்கத் தாங்கோ" என்று கேட்டுத் தூக்கிக்கொள்வார்கள். கொடுப்பது ஒரு பாதி. கேட்டு வாங்குவது மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் நேர்த்திக்கடன்.

அவன் சட்டைப் பையிலிருந்த ஸ்ரெபானியின் படத்தை எடுத்துச் சிலுவையடியில் வைத்தான்.

"நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒருத்தரும் இல்லை, எனக்கும் இங்கை ஒருத்தரும் இல்லை. இந்தாங்கோ, என்ரை பிள்ளையை உங்களுக்குத் தாறன். இனி இது உங்கடை பிள்ளை. நீங்கள்தான் இஞ்சை கொண்டுவந்து சேர்க்கவேணும்."

எழும்பினான். வழக்கப்படி திரும்பிப் பாராமல் நடந்தான்.

அப்போதுதான் கீழே பார்த்தான். மணலில் சின்னப் பாதங்கள். வெறுங்கால். குடிசையிலிருந்து தண்ணீரை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றும் இல்லை.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் காலுறை ஆடவில்லை.

சொட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"அவளுக்கு என்ன வயது?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். டெனிஷில். கிழவிகள் இழுத்துப் பேசுகிற மாதிரி, ஆனால் கிழட்டுக் குரல் அல்ல.

திரும்பினான். பாதி திரும்பியபோதே, திரும்பக் கூடாதே என்ற நினைப்பும் வந்தது. ஒரு பெண் சிலுவையடியில் நின்றாள். தலையில் துணி. முன்னே கட்டிய ஏப்ரன் நெஞ்சுவரை நனைந்திருந்தது. கையில் ஸ்ரெபானியின் படம்.

இங்கே குடியிருக்கிறவள் என்றுதான் நினைத்தான். அவளுடைய இடத்தில் கேளாமல் திரி கொளுத்திவிட்டோமே என்று வெட்கப்பட்டான்.

"நாலு," என்றான், வகுப்பில் படித்த டெனிஷில்.

அவள் படத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். "நாலு," என்று திருப்பிச் சொன்னாள். "ஓம். நாலுதான்."

அவள் தூரத்தில் நின்றாள். குரல் அவன் காதருகே கேட்டது.

"நான் போய்க் கூட்டிவரட்டுமா?"

டெனிஷ்காரர் என்ன கேட்டாலும் "ஓம், நன்றி" என்று சொல்லிப் பழகிய வாய். விளங்கினாலும் அதுதான், விளங்காவிட்டாலும் அதுதான். அன்றைக்கு அவனுக்கு நன்றாகவே விளங்கியது. ஏதோ மனம் பேதலித்த, நல்ல மனுசி என்று நினைத்தான். அவளை நோகடிக்க மனம் வரவில்லை.

"ஓம்... நன்றி," என்றான்.

அவள் சிரித்தாள்.

அப்போதுதான் அவளுடைய விரல்களைக் கண்டான். நகமே இல்லை. விரல் நுனிகள் தேய்ந்து, சதை பிய்ந்து, கரியும் மணலும் அப்பி...

மெழுகுதிரிச் சுடர் காற்றுக்கு எதிராக அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

சர்ர்ர்...

மணல் அசைந்தது.

அவன் கால்களுக்குக் கீழே...

"அண்ணை! செல்வமண்ணை! பஸ் வெளிக்கிடுது!" அல்பேட்டின் குரல். எங்கேயோ. மூடுபனிக்குள்.

எப்போது வந்தது இந்தப் பனி?

சர்ர்ர்ர்ர்...

ஓடினான்.

படம் இல்லை. மறுபாதி இல்லை. ஒன்றும் நினைவில்லை. ஓடினான்.

பஸ்ஸில் ஏறி விழுந்தவனை அல்பேட் பிடித்து இருத்தினான். "என்னண்ணை, பேயறைஞ்ச மாதிரி?"

"அங்கை ஒரு மனுசி... கதைச்சவ..."

"மனுசியோடை கதைச்சனீங்களோ? பொறுங்கோ, விக்ரோரியா அக்கா வரட்டும், சொல்லிக் குடுக்கிறன்!" பஸ்ஸே சிரித்தது. இங்கர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் ஒருவரும் குடியில்லை, செல்வரட்ணம், என்றார். அந்தப் பாதையே மூடிக்கிடக்கிறது, நீ எப்படிப் போனாய் என்றும் கேட்டார்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. கொடுத்தான். வாங்கவில்லை. "எங்களுக்கு வளர்க்கத் தாங்கோ" என்ற அந்த மூன்று சொல்லை அவன் சொல்லவில்லை. சாரதியிடம் போய் நிறுத்து, திருப்பு என்று கெஞ்சினான். மூடுபனி இறங்கிவிட்டது, மணல் சரிகிற நேரம் என்று சாரதி மறுத்துவிட்டான். செல்வரட்ணம் ஆண்பிள்ளை என்றும் பாராமல் எல்லோருக்கும் முன்னால் அழுதான். பெண்சாதி நினைவு வந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிரவே கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தான். விக்ரோரியாவின் குரலே சரியில்லை.

"இண்டைக்குப் பொழுதுபடேக்கை பிள்ளையைக் காணேல்லையப்பா. லொட்ஜ் முழுக்கத் தேடியாச்சு. நான் செத்துப் பிழைச்சன். பிறகு பார்த்தால் படியிலை இருக்கிறாள். கால் முழுக்க ஈர மண். கடற்கரைக்குப் போட்டாளாக்கும். அடியும் குடுத்திட்டன்."

"என்ன மண்?"

"என்ன கேள்வி இது? மண்தான். வெள்ளை மண். ஆரோ வெள்ளை மாமி வந்தவவாம். கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவவாம்."

கொழும்பில் பொழுதுபடும்போது ஹேர்னிங்கில் மத்தியானம்.

புதுவருஷம் பிறந்து சில வாரத்தில் அனுமதி வந்தது. தூங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் எழும்பிவிட்டன. ஹேர்னிங்கில் தமிழர் வீடெல்லாம் கொண்டாட்டம். அல்பேட் செல்வரட்ணத்தைத் தூக்கிச் சுற்றினான். செல்வரட்ணமும் சிரித்தான். சந்தோஷம் இல்லாமலா? ஆனால் அந்தச் சிரிப்பு முகத்துக்கு மேலே நின்றது, உள்ளே இறங்கவில்லை. யார் கொண்டுவருகிறார்கள் என்று அவனுக்குத்தானே தெரியும்.

பனி உருகியதும் முதல் வேலையாக அல்பேட்டின் பழைய காரில் சுரங்கத்துக்குப் போனான். அல்பேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னான். அல்பேட் இந்த முறை பகிடி விடவில்லை. மேட்டைச் சுற்றிப் போனார்கள். குடிசை இல்லை. சிலுவை இல்லை. மாரியில் கரை முழுவதும் சரிந்து போயிருந்தது. துருநிறத் தண்ணீர்தான் மேட்டடிவரை நின்றது.

செல்வரட்ணம் தண்ணீருக்கு முன்னால் முழங்காலில் நின்றான்.

"என்ரை பிள்ளையை எனக்கு வளர்க்கத் தாங்கோ," என்றான். பிறகு டெனிஷிலும் சொன்னான். பிறகு கத்தினான்.

தண்ணீர் அசையவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் விக்ரோரியா அவன் தோளில் விழுந்து அழுதாள். ஸ்ரெபானி அழவில்லை. தகப்பனைப் பார்த்தாள், சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தாள், யாரையோ தேடுகிறவள்போலக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது இடம், வெட்கம் என்றாள் விக்ரோரியா.

வீட்டிலும் அவள் அதிகம் பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். குளிருக்குப் போர்த்தச் சொன்னால் போர்த்தாள். விமானம் இறங்கியதிலிருந்து "அம்மா" என்று அவள் வாயில் வரவே இல்லை. விக்ரோரியா அதைக் கவனித்தாளோ, கவனித்தும் மறைத்தாளோ தெரியாது. சன்னலருகே நின்று பிள்ளை தனக்குள் ஏதோ முணுமுணுக்கும். மழலை என்று செல்வரட்ணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் ஒரு சொல்லும் அவனுக்கு விளங்கவில்லை. தமிழும் இல்லை, அவன் வகுப்பில் படித்த டெனிஷும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இங்கர் கேக்கும் பூவுமாகப் பார்க்க வந்தார். விக்ரோரியா தேத்தண்ணி ஊற்றினாள். பிள்ளை சன்னலை விட்டு நடந்து வந்து, இங்கருக்கு முன்னால் நின்று, நிமிர்ந்து பார்த்துப் பேசியது. நீளமாக, தெளிவாக, தயக்கம் இல்லாமல்.

இங்கரின் கோப்பை பாதிவழியில் நின்றது.

"இவளுக்கு யார் படிப்பித்தது?"

"என்ன?"

"இது எங்கள் ஊர்ப் பேச்சு, செல்வரட்ணம். அந்த மணல்காட்டுச் சனம் முந்திப் பேசினது. இப்போது வயோதிபர் இல்லத்தில்தான் கேட்கலாம்..."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்லுது பிள்ளை?" என்று அவன் கேட்டான். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டான்.

இங்கர் குரலைத் தாழ்த்தினார். அந்த மூடிய பாதையைப் பற்றி முதலில் சொன்னார். யுத்தக் காலத்தில் அங்கே ஒரு தொழிலாளியின் மகள் தண்ணீரைப் பார்க்க இறங்கியபோது மணல் இழுத்துக்கொண்டது. நாலு வயது. உடல் கிடைக்கவே இல்லை. தாய் வெறும் கையால் தோண்டிக்கொண்டே இருந்தாள். யார் இழுத்தும் வரவில்லை. கடைசியில் கரை அவள்மேலும் சரிந்தது. "அதற்குப் பிறகுதான் ஒருவரும் போகாதபடி பாதைக்குக் குறுக்கே இரண்டு பலகை அடித்தார்கள். நீ கண்டது அதுவாகத்தான் இருக்கும். அங்கே சிலுவையும் இல்லை, கல்லறையும் இல்லை."

"பிள்ளை என்ன சொல்லுது, ரீச்சர்?"

"'இந்த வீட்டு ஆட்கள் நல்லவர்கள். ஆனால் இருட்டுகிறது. என் அம்மா எப்போது வருவாள்?' என்று கேட்கிறது."

டெனிஷ் தெரியாத விக்ரோரியா மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தாள். முகம் பூரித்துப் போயிருந்தது. "வந்து ஒரு கிழமை ஆகேல்லை, அதுக்குள்ளை டெனிஷ் கதைக்கிறாளே! கெட்டிக்காரி. என்னவாமப்பா?"

இத்தனை காலம் லொட்ஜ் அறையில் காத்துக் கிடந்தவளிடம் செல்வரட்ணம் என்னத்தைச் சொல்ல?

"அம்மா வேணுமாம்," என்றான்.

விக்ரோரியா அப்படியே நிலத்தில் குந்தி இரண்டு கையையும் விரித்தாள். "வாடி என்ரை செல்லம்."

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது. பிறகு ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை மெல்ல மடித்து, வலது கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கியது. அது என்ன பழக்கம் என்று விக்ரோரியாவுக்கு விளங்கவில்லை. இங்கர்தான் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: அந்தக் காலத்தில் இந்த ஊர்ச் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்களாம், முன்பின் தெரியாத பெண்களைக் கண்டால்.